'பாஸ் அவுட்' என்றால் படித்து முடித்ததா, மயங்கி விழுந்ததா?

குமரிக்கடல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் நாகர்கோவில் பக்கம். 2017-இல் பி.எஸ்சி. நர்சிங் முடித்தேன், அதிலிருந்து வார்டில்தான் வேலை. இப்போது இங்கிலாந்து போவதற்காக ஓ.ஈ.டி. பரீட்சைக்குப் படிக்கிறேன், மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலப் பரீட்சை அது. அதன் பேச்சுப் பகுதியில் இரண்டு ரோல்ப்ளே வரும், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், நாம் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி. போன வாரம் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது நோயாளியாக நடித்தவர் 'ஐ பாஸ்ட் அவுட் இன் த பாத்ரூம் திஸ் மார்னிங்' என்றார். எனக்கு அது 'காலையில் குளியலறையை விட்டு வெளியே வந்தேன்' என்றுதான் விழுந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், மாத்திரை போட்டீர்களா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். முடிந்த பிறகுதான் சொன்னார்கள், அவர் மயங்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார், நான் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று. அன்று இரவு தூக்கம் வரவில்லை. பயிற்சி என்பதால் போயிற்று, நிஜ நோயாளியாக இருந்திருந்தால்?

அதற்கு முன்னால் இன்னொன்றும் நடந்தது. ஒரு ஆஸ்பத்திரிக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2017' என்று ஆரம்பித்தேன். தேர்வு எடுத்த நர்ஸ் அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'ஓ, ஆர் யூ ஆல்ரைட் நௌ?' என்று மிகவும் அக்கறையாகக் கேட்டார்கள். எனக்கு எதற்குக் கேட்கிறார்கள் என்றே புரியவில்லை. இப்போது யோசித்தால் இரண்டும் ஒரே சொல்லால் வந்த வினை என்று தெரிகிறது.

என் கேள்வி: நாம் 'பாஸ் அவுட்' என்று சொல்வது தப்பான ஆங்கிலமா? கல்லூரியில், வேலை விளம்பரத்தில், எங்கள் டியூட்டர்கள் வாயில் எல்லா இடத்திலும் அதுதானே இருக்கிறது? அப்புறம், இந்த மாதிரி சின்னச் சின்ன இரட்டைச் சொற்களை எப்படித்தான் பிடிப்பது? ஐந்நூறு சொல் கொண்ட ஒரு பட்டியல் வாங்கி மனப்பாடம் செய்து பார்த்தேன், மூன்றாம் நாளே எல்லாம் கலந்துவிட்டது.


லீட்ஸ் வார்டு:

தங்கச்சி, முதலில் அந்த ரோல்ப்ளேயை நினைத்து மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். நானும் இங்கே வந்த புதிதில் இதே சொல்லில் தடுக்கியவள்தான். ஆனால் நீங்கள் பயப்பட்டது சரியான பயம். வார்டில் இது உயிர் சம்பந்தப்பட்ட சொல், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இங்கே நோயாளிகள் 'ஐ லாஸ்ட் கான்ஷியஸ்னெஸ்' என்று சொல்லவே மாட்டார்கள். அது நாம் நோட்ஸில் எழுதுவது. வீட்டுப் பேச்சில் 'பாஸ்ட் அவுட்', 'ஃபெயின்ட்டட்', 'ப்ளாக்ட் அவுட்', வயதானவர்கள் என்றால் 'ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன்' என்பார்கள். கடைசியில் சொன்னதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை, திடீரென்று உடம்புக்கு என்னவோ செய்தது என்று அர்த்தம். அது தலைசுற்றலாகவும் இருக்கலாம், மயக்கமாகவும் இருக்கலாம், சின்னதாக ஒரு பக்கவாதமாகவும் இருக்கலாம். அதைக் காதில் வாங்கியதும் நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

இதில் நம் தமிழ் நமக்கே ஒரு வேலை வைக்கிறது. ஊரில் 'மயக்கமா இருக்கு' என்றால் என்னவெல்லாம் அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். தலை கிறுகிறுப்பது மயக்கம், குமட்டுவது மயக்கம், மாசமாக இருக்கும் பெண் காலையில் படுகிற பாடு மயக்கம், ஆபரேஷனுக்குக் கொடுப்பது மயக்க மருந்து, நினைவு தப்பி விழுவதும் மயக்கம். ஆங்கிலத்தில் இதெல்லாம் தனித்தனி. அறை சுற்றுவது போல் இருந்தால் 'டிஸ்ஸி', தலை லேசாகி மிதப்பது போல் இருந்தால் 'லைட்ஹெடட்', இதோ விழப்போகிறோம் என்றிருந்தால் 'ஃபெயின்ட்', உண்மையிலேயே நினைவு தப்பினால்தான் 'பாஸ்ட் அவுட்'. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, ஆனால் சுவரைப் பிடித்துச் சமாளித்துவிட்டேன் என்பது 'நியர்லி பாஸ்ட் அவுட்'. இந்த 'நியர்லி'யைக் காதில் வாங்காமல் விட்டுவிட்டால், ஹேண்டோவரில், அதாவது அடுத்த ஷிப்ட்டிடம் நோயாளியை ஒப்படைக்கும்போது, கதையே மாறிப்போகும். புதிதாக வரும் நம் பிள்ளைகள் 'மயக்கமா வருது' என்பதை மனதில் வைத்துக்கொண்டு 'பேஷன்ட் பாஸ்ட் அவுட்' என்று சொல்லி, டாக்டர் ஓடி வருவதை நான் பார்த்திருக்கிறேன். நோயாளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கத்து ஆட்களே 'பாஸ்ட் அவுட்' என்பதை லேசாகவும் சொல்வார்கள். 'காட் ஹோம் ஃப்ரம் வொர்க் அண்ட் பாஸ்ட் அவுட் ஆன் த சோஃபா' என்றால் அசந்து தூங்கிவிட்டேன் என்பதுதான். குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடந்தாலும் அதே சொல். அதனால் நோயாளி அப்படிச் சொன்னால் என் அடுத்த கேள்வி எப்போதும் 'டு யூ மீன் யூ ஃபெல் அஸ்லீப், ஆர் டிட் யூ லூஸ் கான்ஷியஸ்னெஸ்?' என்பதுதான். கூச்சமே வேண்டாம், கேட்டதற்காக இதுவரை யாரும் என்னைக் குறைவாக நினைத்ததில்லை. அப்புறம் 'ஹௌ லாங் வேர் யூ அவுட் ஃபார்?' இங்கே பாருங்கள், 'பாஸ்' போய்விட்டது, 'அவுட்' மட்டும் தனியாக நிற்கிறது. எவ்வளவு நேரம் நினைவில்லாமல் இருந்தீர்கள் என்று அர்த்தம். யாராவது பார்த்தார்களா, தலை அடிபட்டதா, எழுந்து நின்ற உடனேயா, சிறுநீர் கழிக்கும்போதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போங்கள். உங்கள் ரோல்ப்ளேயில் எதிர்பார்த்தது இதைத்தான்.

நினைவு திரும்புவதற்கும் இப்படி ஒரு சொல் இருக்கிறது, 'கம் ரவுண்ட்'. அமெரிக்கர்கள் 'கம் டு' என்பார்கள். ஆபரேஷன் முடிந்த நோயாளியின் கணவர் 'ஹேஸ் ஷி கம் ரவுண்ட் யெட்?' என்று போனில் கேட்டார். 'கம் ரவுண்ட்' என்றால் வீட்டுக்கு வந்து போவது என்று மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும். இன்று பார்வையாளர் யாரும் வரவில்லை என்று பதில் சொல்லிவிட்டேன். அவர் மனைவி மயக்கம் தெளிந்தாரா என்று கேட்டிருக்கிறார், பாவம். பக்கத்தில் இருந்த சிஸ்டர் போனை வாங்கி விளக்கிய பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

'பாஸ்' என்ற சொல்லோடு வார்டில் இன்னும் நிறைய வரும், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 'ஹாவ் யூ பாஸ்ட் வாட்டர்?' என்றால் சிறுநீர் போனதா. 'பாஸ் விண்ட்' என்றால் வாயு பிரிவது. குடல் ஆபரேஷன் ஆனவர்களிடம் தினமும் கேட்க வேண்டிய கேள்வி அது, குடல் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அது ஒரு அடையாளம். 'பாஸ்ட் அவே' என்றால் காலமானார், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் 'ஷி பாஸ்ட் லாஸ்ட் நைட்' என்று வெறும் 'பாஸ்ட்' மட்டும் சொன்னாலும் இறந்துவிட்டார் என்றே அர்த்தம், குடும்பத்தார் அப்படித்தான் மெதுவாகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் நாம் புரியாமல் விழித்தால் அவர்களுக்கு எவ்வளவு வலிக்கும். இதை மட்டும் எப்படியாவது மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள்.


பரங்கிமலை:

'தப்பான ஆங்கிலமா' என்று கேட்டீர்கள் அம்மா, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். தப்பு இல்லை. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமி இருக்கிறது. 1963-இல் பள்ளி என்ற பெயரில் ஆரம்பித்து, 1988-இல் அகாடமி ஆனது, 1992-இலிருந்து பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சி முடிக்கும் நாளில் நடக்கிற அணிவகுப்புக்கு அன்றும் இன்றும் பெயர் 'பாஸிங் அவுட் பரேட்'. அங்கேயே பயிற்சி பெற்றுப் பின்னாளில் பரம் வீர் சக்ரா விருது பெற்ற மேஜர் பரமேஸ்வரன் பெயரில் உள்ள மைதானத்தில்தான் நடக்கும். கடைசியில் அந்த வரிசை மெதுவாக நடைபோட்டு மைதானத்தைக் கடந்து வெளியேறும், 'அந்திம் பக்' என்று ஹிந்தியில் சொல்வார்கள், கடைசி அடி. அப்புறம் அப்பா அம்மா வந்து பிள்ளையின் தோளில் நட்சத்திரத்தைக் குத்திவிடுவார்கள். அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்களுக்கு 'பாஸ் அவுட்' என்ற சொல் ஏன் அப்படி வந்தது என்று அகராதி பார்க்க வேண்டியதே இல்லை.

பிரிட்டனிலும் இதே சொல்தான். அங்கே ராணுவம் மட்டும் இல்லை, போலீஸ், தீயணைப்புத் துறை என்று பயிற்சி முடிப்பவர்களுக்கு இன்றும் 'பாஸிங் அவுட் பரேட்' நடக்கிறது. அவர்களுடைய ராணுவ அகாடமியான சாண்ட்ஹர்ஸ்டில் அணிவகுப்பு முடிந்ததும் புது அதிகாரிகள் பழைய கட்டடத்தின் படிகளில் ஏறி உள்ளே போவார்கள், அவர்கள் பின்னால் அட்ஜுடன்ட் என்ற நிர்வாக அதிகாரி குதிரையோடே அந்தப் படிகளில் ஏறுவார். ஆகவே சொல் அவர்களுடையதுதான். நாம் அதைச் சீருடைப் பயிற்சியிலிருந்து எடுத்து பி.ஏ., பி.காம்., நர்சிங், பாலிடெக்னிக் எல்லாவற்றுக்கும் விரித்துவிட்டோம். பெரிய ஆங்கில அகராதிகள் இந்தியாவில் இப்படி ஒரு பொருள் உண்டு என்று குறிப்பே போடுகின்றன. 'பாஸவுட்' என்று ஒரு ஆளையே குறிக்கிறோமே, '2019 பாஸவுட்ஸ் மட்டும் விண்ணப்பிக்கவும்' என்று, அது இந்தப் பக்கத்தில் மட்டும் புரியும்.

இன்னொன்று. இந்த இரண்டு பொருளும் ஒரே மைதானத்தில் நிற்பதும் உண்டு. பரேடில் மணிக்கணக்காக அசையாமல் வெயிலில் நிற்கும்போது ரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து, நல்ல திடகாத்திரமான பையன்கூடச் சாய்ந்துவிடுவான். நான் சர்வீசில் இருந்தபோது முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொள்ளாதே, பூட்சுக்குள் கால் விரலை அசைத்துக்கொண்டே இரு என்று சொல்லித்தான் நிறுத்துவார்கள். கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். 'பாஸ் அவுட்' ஆக வேண்டிய நாளில் 'பாஸ் அவுட்' ஆகாமல் இருக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது.


குமரிக்கடல்:

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. ஐயா சொன்ன கால் விஷயம் எங்கள் ஆஸ்பத்திரியில் முதன்முதலாக ஆபரேஷன் பார்க்க நிற்கும் மாணவிகளுக்கும் நடக்கும், அவர்களுக்கும் இதையேதான் சொல்வோம். ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. 'அவுட்' என்றால் வெளியே என்றுதானே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தோம். வெளியே என்பதிலிருந்து மயக்கம் எப்படி வந்தது? இதற்கு ஏதாவது காரணம் இருந்தால் நினைவில் நிற்கும், இல்லாவிட்டால் மறுபடி பட்டியல்தான்.


சொல்வண்டி:

நல்ல கேள்வி. ஆங்கில ஆசிரியராக இருபது வருடமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், எனக்குத் தெளிந்ததைச் சொல்கிறேன்.

'இன் என்றால் உள்ளே, அவுட் என்றால் வெளியே' என்று நாம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. 'அவுட்' வெறும் வெளியே இல்லை. 'த லைட் வென்ட் அவுட்' என்றால் விளக்கு வெளியே போகவில்லை, அணைந்துவிட்டது. 'புட் அவுட் த ஃபயர்' என்றால் தீயை அணை. 'நாக் அவுட்', 'ப்ளாக் அவுட்', 'பர்ன் அவுட்', 'பாஸ் அவுட்' எல்லாம் இந்த விளக்கு வரிசை. அதுவரை எரிந்துகொண்டிருந்த ஒன்று அணைகிறது. படுத்த உடனே தூங்கிவிட்டான் என்பதை 'ஹி வாஸ் அவுட் லைக் எ லைட்' என்கிறார்கள், விளக்கு அணைந்த மாதிரி. லீட்ஸ் அக்கா சொன்ன 'ஹௌ லாங் வேர் யூ அவுட்' என்பதும் இதுதான், எவ்வளவு நேரம் அணைந்திருந்தாய். கிரிக்கெட்டில் அவுட் ஆவதைக்கூட நான் மாணவர்களிடம் இதோடு சேர்த்துத்தான் சொல்வேன், அது வேறு வழியில் வந்தது என்று யாராவது வாதாடினால் வாதாடட்டும், பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கிறது.

இரண்டாவது, வாசலைத் தாண்டி வெளியேறும் 'அவுட்'. பரங்கிமலை ஐயாவின் பரேட் இது. 'மூவ் அவுட்', 'செக் அவுட்' எல்லாம் அந்த ஜாதி.

மூன்றாவது, ஒரு கையிலிருந்து பல கைகளுக்குப் பரவும் 'அவுட்'. 'ஹாண்ட் அவுட்', 'கிவ் அவுட்'. அமெரிக்காவில் வகுப்பில் தாள் விநியோகிப்பதை 'பாஸ் அவுட் த பேப்பர்ஸ்' என்பார்கள். பிரிட்டனில் அதற்கு 'ஹாண்ட் அவுட்'தான் அதிகம்.

மூன்றையும் வாக்கியத்தில் எப்படிப் பிரிப்பது என்றால், பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ஒரு பொருள் வந்தால், தாள், படிவம், மாத்திரை என்று, அது விநியோகம். அதற்கு மட்டும்தான் நடுவில் இடம்விடும் பழக்கம் உண்டு. 'பாஸ் த ஃபார்ம்ஸ் அவுட்' என்றும் சொல்லலாம், 'பாஸ் அவுட் த ஃபார்ம்ஸ்' என்றும் சொல்லலாம், ஆனால் 'தெம்' என்று வந்தால் கட்டாயம் நடுவில்தான், 'பாஸ் தெம் அவுட்'. பின்னால் 'ஃப்ரம்' அல்லது 'ஆஃப்' போட்டு ஒரு பயிற்சிக்கூடத்தின் பெயர் வந்தால் வெளியேறுவது. இரண்டும் இல்லாமல் சும்மா நின்றால், அல்லது பின்னால் 'இன் த பாத்ரூம்' மாதிரி ஓர் இடமோ 'திஸ் மார்னிங்' மாதிரி நேரமோ வந்தால், ஆள் மயங்கி விழுந்தார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நேர்முகத் தேர்வில் நடந்ததும் இதுதான். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2017' என்பதில் கல்லூரி இல்லை, வருடம் மட்டும் இருக்கிறது. அந்த அம்மா காதுக்கு 2017-இல் உங்களுக்கு ஏதோ பெரிய நோய் வந்து நினைவிழந்தீர்கள் என்று கேட்டிருக்கும். நர்ஸ் அல்லவா, உடனே நலம் விசாரித்திருக்கிறார்.

மனப்பாடப் பட்டியல் ஏன் நிற்காது என்பதற்கு நம் மொழியையே பாருங்கள். 'கண்டுபிடி' என்று சொல்கிறோம். கண்டு, பிடி. ஆனால் சாவியைக் கண்டுபிடித்தேன் என்று சொல்லும்போது பார்த்ததையும் பிடித்ததையும் யாராவது தனித்தனியாக நினைக்கிறோமா? 'காட்டிக்கொடு' என்பதில் காட்டுவதும் இருக்கிறது, கொடுப்பதும் இருக்கிறது, அர்த்தமோ துரோகம். 'சொல்லிக்கொடு' என்றால் கற்பி. 'விட்டுக்கொடு' என்றால் இறங்கிப்போ. ஆபீசில் 'என்னைப் போட்டுக்கொடுத்துட்டான்' என்கிறோமே, அதைத் தமிழ் படிக்கும் ஒரு வெளிநாட்டுக்காரர் அகராதியை வைத்துக்கொண்டு 'போடு', 'கொடு' என்று தேடினால் என்ன கிடைக்கும்? நீங்கள் 'பாஸ்', 'அவுட்' என்று பிரித்துப் பார்த்ததும் அதே கதைதான். நாம் 'போட்டுக்கொடு'வைப் பட்டியல் பார்த்துப் படிக்கவில்லை. யாரோ யாரையோ மேலாளரிடம் மாட்டிவிட்ட நேரத்தில், அந்தக் கோபத்தோடு சேர்த்துக் கேட்டோம், அதனால் ஒட்டிக்கொண்டது. இதையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும். ஐந்நூறு வேண்டாம். உங்கள் வார்டில் புழங்கும் நாற்பது ஐம்பதைச் சம்பவத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தூங்காமல் கிடந்த அந்த இரவுக்குப் பிறகு 'பாஸ்ட் அவுட்' இனிமேல் உங்களுக்கு மறக்கப்போவதில்லை.


ஸ்கார்பரோ:

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடாவில் இருக்கிறேன். எங்கட பக்கத்திலும் கம்பஸ் முடித்ததை 'பாஸ் அவுட்' என்றுதான் சொல்வோம், அதனால் இது இந்தியாவில் மட்டும் இல்லை. இங்கே மகளின் பள்ளிக்கூடத்தில் உதவிக்குப் போனபோது ஆசிரியை 'குட் யூ பாஸ் தீஸ் அவுட்?' என்று ஒரு கட்டுத் தாளைக் கையில் தந்தார், அப்போதுதான் அந்த மூன்றாவது பொருள் எனக்குத் தெரியவந்தது. சொல்வண்டி அண்ணா சொன்னது சரி, அந்த அறையில் நின்று கையில் தாளோடு கேட்டதால் இன்றுவரை மறக்கவில்லை.

ஒன்று சேர்க்கிறேன். இங்கே இளம் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை இரவைப் பற்றிப் பேசும்போது 'பாஸ்ட் அவுட்' என்றால் பெரும்பாலும் குடித்துவிட்டு விழுந்து கிடந்தது. நாங்கள் 'வெறியில் கிடக்கிறான்' என்போம், தமிழ்நாட்டில் 'மட்டை' என்பீர்கள். அவசரப் பிரிவில் வேலை செய்கிற என் மனைவி சொல்வது, அப்படிக் கொண்டுவரும் பிள்ளையை 'குடிச்சிட்டுத்தானே படுத்திருக்கு' என்று லேசாக விடக்கூடாது, வாந்தி மூச்சுக்குழலுக்குள் போய்விடும், பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று. 'ப்ராட் அப்' என்ற சொல்லும் அங்கே வரும் தங்கச்சி, குழந்தையை வளர்ப்பதும் அதுதான், வாந்தி எடுப்பதும் அதுதான். 'ஷி ப்ராட் அப் ஹெர் ப்ரெக்ஃபஸ்ட்' என்றால் காலைச் சாப்பாடு வெளியே வந்துவிட்டது.


குமரிக்கடல்:

விளக்கு அணைவது என்று சொன்னதும் சட்டென்று பிடிபட்டுவிட்டது. நேற்று சாயந்திரம் அதே ரோல்ப்ளேயை மறுபடி செய்து பார்த்தோம். இந்த முறை 'பாஸ்ட் அவுட்' என்று காதில் விழுந்ததுமே நிறுத்தி, எவ்வளவு நேரம் நினைவில்லை, எழுந்து நின்றவுடனா என்று கேட்டேன். படுக்கையிலிருந்து எழுந்து நேராகக் குளியலறைக்குப் போனேன், புதிதாகப் பிரஷர் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள் என்றார் அவர். நோயாளியாக நடிப்பவருக்குக் கொடுக்கும் குறிப்பு அட்டையில் அதுதான் முக்கியமான தகவலாக இருந்திருக்கிறது. முதல் தடவை அதன் பக்கத்திலேயே போகவில்லை நான்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். நேர்முகத் தேர்வில் இனி எப்படிச் சொல்வது? 'ஐ க்ராஜுவேட்டட் ஃப்ரம் காலேஜ் இன் 2017 அண்ட் ஐ அம் வொர்க்கிங் ஆஸ் எ நர்ஸ் சின்ஸ் தென்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?


லீட்ஸ் வார்டு:

ஆமாம், பிரஷர் மாத்திரை ஆரம்பித்தவர் எழுந்து நின்றதும் விழுந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அஞ்சு நிமிடமாவது படுக்கவைத்து ஒரு பிரஷர், எழுந்து நின்ற முதல் நிமிடத்துக்குள் ஒன்று, மூன்று நிமிடம் நின்ற பிறகு ஒன்று. மேல் எண் இருபது குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இங்கே வந்தால் இதை 'லையிங் அண்ட் ஸ்டாண்டிங்' என்று தினமும் கேட்பீர்கள்.

உங்கள் வாக்கியத்தில் 'க்ராஜுவேட்டட்' தப்பில்லை. ஆனால் இங்கே நர்சுகள் தங்களைப் பற்றிச் சொல்லும்போது 'ஐ க்வாலிஃபைட் இன் 2017' என்பார்கள். புதிதாக முடித்தவர்களை 'நியூலி க்வாலிஃபைட்' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர்களுக்கு நீங்கள் தங்கள் ஆள் என்று தோன்றும். இரண்டாவது பாதியைத்தான் மாற்ற வேண்டும். 2017-இலிருந்து இன்றுவரை தொடர்கிறது அல்லவா, அதனால் 'ஐ அம் வொர்க்கிங்' வராது, 'ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஆஸ் எ வார்டு நர்ஸ் சின்ஸ் தென்'. இதை வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். பரீட்சை என்றைக்கு?


குமரிக்கடல்:

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை அக்கா. 'ஐ க்வாலிஃபைட் இன் 2017' என்று இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அம்மா சமையலறையிலிருந்து யாரோடு பேசுகிறாய் என்று கேட்கிறார்கள்.